பத்து பென்சில் அச்சுகள்

அத்தியாயம் 6

"போலீஸ் கேட்டா பாதி பேப்பர ஒளிப்பாங்க. வக்கீல் கேட்டா மீதியையும் ஒளிப்பாங்க. வண்டி வாங்க வந்தவன் கேட்டா மட்டும்தாம்லே பொட்டியோட தூக்கிட்டு வந்து விரிப்பாங்க. அதான் நாம இன்னைக்கு வண்டி வாங்குத ஆளு" என்றாள் ஆவுடைத்தாய்.

"சரிக்கா. எனக்கு எதுக்கு இந்தக் கறுப்புக் கண்ணாடி?" என்று கேட்டான் கருத்தையா.

"நீ சேரன்மகாதேவி மினிபஸ்ல ஆறு வருசம் டிக்கெட் கிழிச்சவன். மூஞ்சி தெரியக் கூடாதுல்லா."

"கண்ணாடி போட்டா கண்ணுதான மறையும்? மூக்கு அப்டியேதான கெடக்கு. இந்த மூக்கப் பாத்துட்டுத்தான் எனக்கு ஏழு ஊர்ல பொண்ணு இல்லன்னு சொன்னாங்க."

"வாய மூடிக்கிட்டு வா. மூக்கவிட உன் வாய்தான் ஊருக்குத் தெரியும்."

ஆவுடைத்தாயைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வயது நாற்பத்தெட்டு. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் ஒன்றின் எதிரே தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து இருபத்திரண்டு வருடம் விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவள். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் போன பிறகு அந்தப் பிழைப்பு போயிற்று. இப்போது திருநெல்வேலி டவுணில் ஓர் அல்வாக் கடையின் மாடியில் அவளுடைய பலகை தொங்குகிறது: 'பழைய வண்டிகளின் பூர்வீகம் விசாரித்துச் சொல்லப்படும்.' கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்காமல்கூட இருக்கலாம், வண்டிக்கு எஃப்சி பார்க்காமல் இருக்கக் கூடாது என்பாள். எஃப்சி என்றால், இந்த வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று அந்த அலுவலகம் பார்த்துக் கொடுக்கும் சான்று. பழைய வாடகை வண்டிகளுக்கு வருடா வருடம் வாங்கியாக வேண்டும்.

இன்றைக்கு அவள் பார்க்கப்போவதும் ஓர் எஃப்சி பூர்வீகம்தான். ஆனால் உண்மையில் வாங்குவதற்காக அல்ல.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால், ஐப்பசி நடவுக்குப் பதினொரு பெண்களை ஏற்றிக்கொண்டு போன வேன் ஒன்று சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் கால்வாய்க்குள் விழுந்தது. சந்தனமாரி என்ற பெண் செத்துப்போனாள். டிரைவர் கண்ணன், விக்கிரமசிங்கபுரத்துக்காரன். பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னான். விபத்துக்கு ஏழு மாதம் முன்னால்தான் எஃப்சி வாங்கிய வண்டி என்று வேன் சொந்தக்காரர் சொன்னார். விழுந்ததில் பிரேக் குழாயெல்லாம் பிய்ந்துபோனதால், அது முன்னாலேயே கெட்டதா, விழுந்து கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வரும் திங்கட்கிழமையோடு விசாரணை முடிகிறது. வண்டி சரியில்லை என்று காட்ட ஒரு துண்டுத் தாளாவது கிடைக்காவிட்டால் ரெண்டு வருடம் உள்ளே என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். ஜாமீனில் இருக்கும் கண்ணனுக்கு ஆவுடைத்தாய்தான் கடைசி வழி.

சேரன்மகாதேவியில் வேன் சொந்தக்காரர் சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாங்க, வாங்க. வெயிலு என்னா போடு போடுது பாத்தீயளா" என்று சொல்லிவிட்டு எதிர்க் கடையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏ கருப்பட்டி, ரெண்டு நன்னாரி சர்பத் போடும்வே! எலுமிச்சம்பழத்த நல்லாப் புழிஞ்சி!"

டவுணில் பூக்கடை வைத்திருக்கிறோம், தோவாளைக்குப் போய்ப் பூ எடுத்து வர ஒரு வேன் வேண்டும், இவன் என் தம்பி என்று ஆவுடைத்தாய் சொன்னாள். அண்ணாச்சி தலையை ஆட்டினார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

கொட்டகைக்குள் வேன் நின்றது. கால்வாயிலிருந்து தூக்கி, தட்டி நிமிர்த்தி, பளபளவென்று வெள்ளை அடித்திருந்தார்கள். கருத்தையா முன்னால் போய் ஒரு தடவை தட்டிப் பார்த்தான்.

"பவுடர் கொஞ்சம் ஜாஸ்திக்கா" என்றான்.

"வயசு வந்த வண்டி தம்பி, அலங்காரம் வேண்டாமா?" அண்ணாச்சி சிரித்தார். "ஒரு விபத்து உண்டு, மறைக்க மாட்டேன். டிரைவர் பய தூங்கிட்டான். வண்டி மேல ஒரு குத்தம் கெடையாது. நாலு வருசமா எஃப்சி ஒரு நாள் தவறல. ஆபீஸே பாஸ் போட்ட வண்டிய நான் எப்டிக் குறை சொல்ல முடியும்? இன்னா ஃபைலு. பூராவும் இருக்கு. பாருங்க."

ஆவுடைத்தாய் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலை மடியில் விரித்தாள். 2022, 2023, 2024, 2025. நாலு எஃப்சி. முத்திரையில் இருந்த ஊர்ப்பெயர் நமக்கு வேண்டாம். ஒவ்வொரு விண்ணப்ப நகலிலும் ஒரு பென்சில் அச்சு ஒட்டியிருந்தது.

அந்த அச்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வண்டியின் சட்டத்தில் சேசிஸ் நம்பர் பொறித்திருப்பார்கள். அதன் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் அப்படியே தாளில் எழும்பும். எஃப்சிக்குப் போகும்போதெல்லாம் புதிதாகத் தேய்த்து ஒட்ட வேண்டும். வண்டி நேரில் வந்ததற்கு அதுதான் அடையாளம். அலுவலகத்துக்கு ஒன்று, சொந்தக்காரருக்கு ஒன்று என்று இரண்டு ஒட்டுவது புரோக்கர்களின் வழக்கம்.

நாலு வருடத்து அச்சும் ஒரே மாதிரி இருந்தன. ஒரே அழுத்தம், ஒரே சாய்வு, ஒரே கறுப்பு. மழையிலும் சேற்றிலும் ஓடும் வண்டியில் துரு ஏறிக்கொண்டே போகும். எண்கள் வருடத்துக்கு வருடம் மங்கத்தான் வேண்டும். இங்கே 2025-ன் அச்சு 2022-ன் அச்சுக்கு இரட்டைப் பிள்ளை.

"கண்ணு சரியாத் தெரியல அண்ணாச்சி" என்று சொல்லிக்கொண்டே அவள் முதல் தாளைத் தூக்கி, கொட்டகை ஓட்டின் கண்ணாடி வழியாக விழுந்த வெயிலில் பிடித்தாள்.

அச்சுக்குப் பின்னாலிருந்து பெரிய எழுத்தில் ஒரு தேதி இடம் வலம் மாறித் தெரிந்தது. டிசம்பர் 31.

அடுத்த வருடத்துத் தாளைப் பிடித்தாள். டிசம்பர் 29. அதற்கடுத்தது 27. கடைசி 25. எல்லாமே 2021. தினமும் கிழிக்கும் காலண்டர் தாளின் வெற்றுப் பக்கத்தில் அச்சு எடுத்திருக்கிறார்கள்! நடுவில் விட்டுப்போன தேதிகள் அலுவலகத்துக்குப் போன நகல்களில் இருக்கும். ஃபைலின் மேலேயே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் ஒட்டாத அச்சுகள் இரண்டு மிச்சம் கிடந்தன. 2026-ன் எஃப்சிக்கென்று எடுத்து வைத்தவை.

மொத்தம் பத்து அச்சு, ஒரே நாளில் எடுத்தது. வண்டி நாலு வருடமாக எந்த அலுவலக வாசலையும் மிதிக்கவே இல்லை.

அவள் முகத்தில் ஒன்றையும் காட்டிக்கொள்ளவில்லை. இருபத்திரண்டு வருடம் வரிசையில் நின்ற சனங்களைப் பார்த்துப் பழகிய முகம்.

"ஃபைல வேணும்னா எடுத்துட்டே போங்க" என்றார் அண்ணாச்சி. "நாளைக்குச் சாயந்திரம் கொண்டாந்தாப் போதும். நல்லா வெளிச்சத்துல வச்சிப் பாருங்க. போற வழில கல்லிடைக்குறிச்சி தாண்டி ரோட்டுல பள்ளம் கெடக்கு. பைய போங்க."

ஸ்கூட்டர் வீரவநல்லூர் தாண்டும் வரைக்கும் கருத்தையா பின்னால் உட்கார்ந்து பாட்டே பாடிக்கொண்டு வந்தான்.

"எக்கா, எப்டிக்கா கண்டுபிடிச்சீய? எனக்கு அதப் பாத்தா பென்சில் கிறுக்கல் மாதிரில்லா தெரிஞ்சுது."

"தார்ப்பாய்க்கு அடியில நான் ஒட்டாத அச்சாலே?" என்றாள் ஆவுடைத்தாய்.

கருத்தையாவுக்கு அதற்குப் பதில் ஒரு கிண்டல் தோன்றியிருக்கும். ஆனால் அவள் சொன்ன விதத்தைக் கேட்டுவிட்டு விழுங்கிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் வேறு ஒன்றைப் பிடித்தான்.

"ஆனா ஒண்ணுக்கா. நாம மட்டமான நடிகருங்க. வண்டி வாங்க வந்தவங்க வெலையே கேக்காம வந்துட்டோம்."

ஸ்கூட்டர் நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போயிற்று.

"அவரும் சொல்லலையே லே" என்றாள் அவள். "விக்குதவன் எவனாவது வெல சொல்லாம விடுவானா?"

ஓரமாக நிறுத்தி ஃபைலைத் திறந்தாள். அவசரத்தில் பார்க்காத கடைசித் தாள் ஒன்று இருந்தது. வண்டி விற்ற படிவம். வாங்குபவர் பெயர் ஏற்கெனவே நிரப்பியிருந்தது: ரெக்சன், உவரி. கீழே போன் நம்பர். கையெழுத்துக்கூடப் போட்டாயிற்று.

"வண்டி வித்துப் போச்சா? அப்ப நம்மகிட்ட எதுக்கு ஃபைலு?"

"டவுணு எந்தப் பக்கம்லே இருக்கு?"

"கிழக்க."

"கல்லிடைக்குறிச்சி?"

கருத்தையா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினான். "மேக்க. கண்ணன் வீட்டுக்குப் போற வழி." அவன் மூக்கைத் தடவிக்கொண்டான். "நான்தான் அப்பவே சொன்னேன்லாக்கா."

விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஷிப்டு விட்டிருந்த நேரம். சைக்கிள்களுக்கு நடுவே நெளிந்து நெளிந்து கண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவன் மனைவி முத்துராணி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, தலையில் ஒட்டியிருந்த பஞ்சைக்கூடத் தட்டாமல் உலை வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வயது மகள் கதவோரம் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஆவுடைத்தாய் எதுவும் பேசுவதற்குள் கண்ணன் பிளாஸ்டிக் உறையை எடுத்துவிட்டான்.

"இது நான் எடுத்த அச்சுல்லாக்கா!" அவன் முகத்தில் ஒன்றரை வருடமாக இல்லாத ஒரு களை வந்தது. "இவ்வளவு சுத்தமா வேற எவன் எடுப்பான்? ஏழாவது நம்பர்ல துரு அடைச்சிக் கெடந்துச்சு. பல்லு தேய்க்கிற பிரஷ்ஷ மண்ணெண்ணெயில முக்கித் தேய்ச்சேன். அண்ணாச்சியே அசந்துட்டாருல்லா. 'ஆபீஸ்ல மங்கலா இருக்குன்னு திருப்பி விட்டுருவான், பத்தா எடுத்து வையிலே'ன்னு சொன்னாரு. அந்த வருசத்துக் காலண்டர் முடிஞ்சிருந்துச்சு, அதுல இருந்து பத்து தாளு..."

கருத்தையா ஆவுடைத்தாயைப் பார்த்தான்.

"என்னக்கா?" என்றான் கண்ணன்.

ஆவுடைத்தாய் பொறுமையாகச் சொன்னாள். நாலு வருட எஃப்சியும் பொய் என்று. வண்டி போகவே இல்லை, இந்த அச்சுகள்தான் போயின என்று.

"வருசா வருசம் எஃப்சி அன்னைக்கு எனக்கு லீவு குடுப்பாரு" என்றான் அவன் குரல் இறங்கி. "புரோக்கர் ஓட்டிட்டுப் போவாருன்னு சொல்லுவாரு. நானும் நம்புனேன்."

"திரும்பி வந்த பொறவு பிரேக்கு எப்டி இருந்துச்சு?"

கண்ணன் உறையைத் தரையில் வைத்தான்.

"கண்ணா, உன்னத்தாம்லே கேக்கேன்."

"முன்ன எப்டியோ அப்டித்தான். ரெண்டு மிதி மிதிச்சா பிடிக்கும். பழகிட்டேன்க்கா. எல்லா டிரைவருக்கும் அவன் அவன் வண்டி பழகித்தான் இருக்கும். வேற எவனாலயும் அத ஓட்ட முடியாதுன்னு எனக்கு ஒரு இது." அவன் தரையைப் பார்த்தான். "அன்னைக்கு ரெண்டாவது மிதிக்கு நேரம் இல்ல."

உலை கொதித்தது. முத்துராணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"திங்கக்கிழம இத கோர்ட்ல குடுத்தா அரசு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு" என்றாள் ஆவுடைத்தாய். "அச்சு எடுத்தது யாருன்னு. நீதான்னு சொன்னா, கள்ள எஃப்சிக்கு நீயும் கூட்டு. வண்டி சரியில்லன்னு தெரிஞ்சே பொம்பளைகள ஏத்துனவன்."

"எடுக்கலன்னு சொல்லிரட்டும்" என்றான் கருத்தையா.

அவள் உறையிலிருந்து ஓர் அச்சை உருவித் திருப்பிக் காட்டினாள். டிசம்பர் 23. தேதிக்குக் கீழே நீல மையில் 'ஸ்கேன், 9 மணி' என்று எழுதியிருந்தது.

முத்துராணி எட்டிப் பார்த்தாள். "என் கையெழுத்து. இவ வயித்துல இருந்தப்ப."

"இத மட்டும் ஒட்டாம மேல வச்சிக் குடுத்திருக்காரு பாத்தியா" என்றாள் ஆவுடைத்தாய். "நாம யாருன்னு அவருக்கு வாசல்லயே தெரிஞ்சு போச்சு. நான் ஃபைல ஏமாத்தி வாங்கிட்டேன்னு நெனைச்சேன். இது அவரு உனக்குப் போட்ட கடுதாசி. என்னயத் தபால்காரி ஆக்கிட்டாரு."

பலகை மாட்டிய நாளிலிருந்து அவள் இப்படி ஒருவர் விரித்த வலையில் தானே நடந்து போய் விழுந்ததில்லை. அதை வெளியே சொல்லவும் அவளுக்கு இப்போது தெம்பில்லை.

"சரி, என்ன வழி?" என்று முத்துராணி கேட்டாள்.

"ரெண்டு இருக்கு. ஃபைலத் திருப்பிக் குடுத்துட்டு வாயத் தொறக்காம இருந்தா வக்கீல் சொன்ன ரெண்டு வருசம். கோர்ட்ல குடுத்தா அண்ணாச்சி மாட்டுவாரு, புரோக்கர் மாட்டுவான். கூடவே இவனும். எத்தன வருசம்னு சொல்ல முடியாது."

"எதுல சீக்கிரம் வெளிய வருவாரு?"

"முதல்லதுல."

"அப்ப முதல்லது. எடுத்துட்டுப் போங்க அத." அவள் ஃபைலை ஆவுடைத்தாயின் பக்கம் தள்ளினாள். அப்போது கடைசித் தாள் வெளியே நழுவியது.

கண்ணன் அதைக் குனிந்து எடுத்தான். ரெண்டு தரம் படித்தான்.

"உவரிக்காரங்களா? எதுக்கு வாங்குதாங்க?"

"தெரியல. கடக்கரையில இருந்து சந்தைக்குப் பொம்பளைகள ஏத்திட்டுப் போறதுக்குத்தான் இப்படி வேன் வாங்குவாங்க" என்றான் கருத்தையா. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

கண்ணன் தன் போனை எடுத்தான்.

"லே, யோசிச்சிக்கோ" என்றாள் ஆவுடைத்தாய். "நீ வாயால சொல்லிட்டா நாளைக்கு அந்த உவரிக்காரரே உனக்கு எதிரா சாட்சி."

அவன் நம்பரைப் போட்டுவிட்டான். ஸ்பீக்கரில் நாலாவது மணிக்கு எடுத்தார்கள்.

"ரெக்சன் அண்ணாச்சிங்களா? சேரன்மகாதேவி வேன் வாங்குதீயல்லா, அத வாங்காதீய."

"யாரு வே நீரு?"

"அந்த எஃப்சி எதுவும் உண்மை இல்ல அண்ணாச்சி. வண்டிய யாரும் பாக்கவே இல்ல. பிரேக்கு பிடிக்காது."

"நாலு வருச எஃப்சியையும் ஒண்ணொண்ணாப் பாத்துட்டுத்தான் முடிச்சேன். பேப்பர் பாக்காம வாங்க நான் என்ன கேணையனா? நீரு யாருன்னு கேட்டேன்."

"அத ஓட்டுன டிரைவரு."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. "சங்கிலிபூதத்தான் அண்ணாச்சி அன்னைக்கே சொன்னாரு. கால்வாய்ல விட்டவன் வயித்தெரிச்சல்ல போன் பண்ணுவான்னு. ஒரு பொம்பளையக் கொன்னது பத்தாதா? வைலே போன."

வைத்துவிட்டார்.

கண்ணன் மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. இன்னொரு முறை அடித்தான். அந்தப் பக்கம் நம்பரையே தடுத்துவிட்டார்கள் போலிருந்தது.

"என் போன்ல அடிப்பமா?" என்றான் கருத்தையா.

"யாரு போன்ல அடிச்சாலும் டிரைவருன்னு சொன்ன உடனே வைப்பாரு. சொல்லலன்னா நம்ப மாட்டாரு" என்றாள் ஆவுடைத்தாய். "சங்கிலிபூதத்தான் எல்லாத்தையும் முன்னாலயே அடைச்சிட்டாருலே."

அவள் ஃபைலை எடுத்துப் பையில் வைத்து எழுந்தாள். கண்ணன் எழுந்திருக்கவில்லை. விற்ற படிவம் இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

"அந்தத் தாளையும் குடுங்க" என்றாள் முத்துராணி.

அவன் கொடுத்தான். அவள் அதை ஆவுடைத்தாயிடம் தரவில்லை. தன் மில் பையிலிருந்து போனை எடுத்து, தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வோர் எண்ணாக அழுத்தினாள்.

"ஏட்டி, நீதான முதல்லதுன்னு சொன்ன?" என்றான் கண்ணன்.

அவள் அவனைப் பார்க்கவில்லை. மணி போய்க்கொண்டிருந்தது. எடுத்தார்கள்.

"அண்ணாச்சி, வச்சிராதீய. நான் அந்த டிரைவர் கண்ணன் பொஞ்சாதி பேசுதேன். மில்லுல வேல பாக்கேன்."

"அவன் உன்னப் பேசச் சொன்னானாக்கும்?"

"இல்ல. வேண்டாம்னு சொன்னதே நான்தான். இவரு எப்டியும் உள்ளதான் போகப் போறாரு அண்ணாச்சி. உங்ககிட்ட பொய் சொல்லி எங்களுக்கு ஆகப்போறது ஒண்ணும் இல்ல. அச்சு எடுத்தது இவருதான். வண்டி போகாமலே எஃப்சி வாங்கியிருக்காங்க. பிரேக்கு சரியில்லன்னு தெரிஞ்சே ஓட்டிருக்காரு. எனக்கே இப்பதான் தெரியும்."

மறுமுனையில் போனை வைக்கவில்லை. பின்னால் யாரோ பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பது கேட்டது.

"எம்மா" என்றார் ரெக்சன் கடைசியில். "அவனுக்கு எத்தன வருசம்னு சொல்லுதாங்க?"

முத்துராணி புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டுன்னு வக்கீல் சொன்னாரு" என்றாள். "இந்தப் போனுக்குப் பொறவு தெரியல."